கூர்ப்பும் படைப்பும்: மண்டூர்க் கோயில் மரபை முன்னிறுத்தி ஒரு நோக்கு

உயிரினங்கள் இயற்கை நியதிகளுக்கமையக் காலப்போக்கிலே கூர்ப்படைந்து தோன்றின என்பது விஞ்ஞானத்தின் முடிவு. உலகும் உயிர்களும் இறைவனின் செயலாலே தோன்றின என்பது சமயத்தின் நம்பிக்கை. இவ்விரண்டையும் ஒருவர் ஒருங்கே ஏற்றல் இயலுமா? இவ்வினாவுக்குத் தமிழிலே பெரும்பாலும் இருவகை விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. விஞ்ஞானம் சமயத்தைப் பொய்ப்பித்துவிட்டது என்பது ஒன்று. விஞ்ஞானம் இன்று கூறுவதை நம் முன்னோர் அன்றே கூறினர் என்பது மற்றொன்று. கடவுட் கொள்கையை ஏற்காத எமக்கு முதலாவது விடை உவப்பானது. ஆயினும் உவப்பானது என்ற காரணத்தால் ஒரு விடை ஆராய்ச்சியினின்றும் விலக்குப் பெறாது. தமிழ்ச் சமூகத்திலே மிகுந்த செல்வாக்குப் பெற்றது இரண்டாவது விடையே. ஆதலின் அதனை முதன்மையாகக் கொண்டு, சமயத்துக்கும் கூர்ப்புக் கொள்கைக்கும் காணப்பட்ட இணக்கம் எத்தகையது, அஃது யாருடைய தேவையை நிறைவேற்றிற்று என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முனைகின்றது.

இதற்கு மண்டூரை நாம் நிலைக்களமாகக் கொள்கின்றோம். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையில் உள்ளது அவ்வூர். எழுவான்கரையின் குருமண்வெளியிலிருந்து வாவியைக் கடந்து அதனை அடையலாம். அங்குள்ள கந்தசுவாமி கோயில் மட்டக்களப்பின் தேசத்துக் கோயில்களுள் ஒன்று. சின்னக் கதிர்காமம் எனவும் வழங்கப்படுவது. தில்லை மரத்திலே தங்கிய வேலினை வேடர் கண்டு, கொத்துப்பந்தலிட்டு வழிபட்டனர் என அக்கோயிலின் ஐதிகம் கூறும். கூர்ப்பு பற்றிய ஆராய்ச்சியிற் கோயில் ஐதிகத்துக்கு இடம் என்ன என வாசகர் வினவலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிஞர் சிலர் மனித குலத்தின் முதற்படியில் நிறுத்திய மக்கள் இலங்கையின் வேடரே. மண்டூர் ஐதிகம் வழிபாட்டின் முதலிலே நிறுத்துவோரும் வேடரே. முன்னையதில் முதல் என்பது கடைநிலை; பின்னையதில் முதல் என்பது முன்னுரிமை. ஒரே சொல் இருவேறு மதிப்புகளைப் பெற்ற இம்முரணே எமது ஆராய்ச்சியின் தொடக்கம்.

1. படைப்பு என்னும் சொல்லின் பொருள்

இயற்கைத் தேர்வு பற்றிய டார்வின், வொலஸ் ஆகிய இருவரின் கருத்துகளும் 1858 யூலை 1இல் இலண்டன் லினியன் கழகத்திலே வாசிக்கப்பட்டன. டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859 நவம்பரில் வெளிவந்தது. அக்காலத்து ஆங்கில விவிலியப் பதிப்புகள் பலவற்றின் ஓரத்திற் படைப்பின் ஆண்டு கி.மு. 4004 என அச்சிடப்பட்டிருந்தது. இறைவன் இன்மையிலிருந்து உலகைப் படைத்தான்; ஒவ்வோர் உயிரினத்தையும் தனித்தனியே படைத்தான்; அது நிகழ்ந்து சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின. இம்மூன்று கருத்துகளையும் புதிய கொள்கை தாக்கிற்று.

எனினும் கிறித்தவ உலகின் எதிர்வினை ஒருமுகப்பட்டதாக இருக்கவில்லை. அமெரிக்கத் தாவரவியலறிஞர் ஏசா கிரே, இயற்கைத் தேர்வு இறைவனின் திட்டத்தோடு பொருந்தும் என வாதித்தார். அதே நாட்டின் இறையியலாளர் சார்ள்ஸ் ஹொட்ஜ், டார்வினியம் நாத்திகமே என 1874இல் எழுதினார். டார்வின் தாமும் 1860இன் இரண்டாம் பதிப்பின் இறுதி வாக்கியத்திற் படைத்தவனைக் குறிக்கும் ஒரு தொடரைச் சேர்த்தார். இயேசு சபைத் துறவியும் தொல்லுயிரியலறிஞருமான தையார் த சார்தின் கூர்ப்பையும் இறைநம்பிக்கையையும் இணைத்து எழுதிய பெருநூல் அவர் இறந்த 1955ஆம் ஆண்டிலேயே அச்சேற முடிந்தது. 1962இல் வத்திக்கான் அவருடைய எழுத்துகள் பற்றி எச்சரிக்கை விடுத்தது. மறுபுறம், மனித உடலின் தோற்றம் ஆராய்ச்சிக்குரியது எனவும் ஆன்மா இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுவது எனவும் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் 1950இல் வரையறுத்தார். கூர்ப்புக் கொள்கை வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என 1996இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஏற்றுக்கொண்டார்.

சைவசித்தாந்தத்தின் நிலை இதனின்றும் அடிப்படையில் வேறானது. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹொய்சிங்டன் ஆங்கிலத்திற் பெயர்த்தமை டார்வினின் நூலுக்குச் சில ஆண்டுகள் முற்பட்டது. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் தொடக்கமற்றவை என்பது அந்நூல் வழிவந்த சித்தாந்தத்தின் அடிப்படை. உயிரை இறைவன் படைத்தானல்லன். உலகின் முதற்காரணமாகிய மாயையையும் படைத்தானல்லன். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணன் என்னும் உவமை இதனை விளக்கும். இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பது சற்காரியவாதம். படைத்தல் என்பது ஒடுங்கிய ஒன்றை மீள விரித்தலேயன்றி இன்மையிலிருந்து ஆக்குதலன்று. காலமும் இங்கு ஆறாயிரம் ஆண்டுகளுள் அடங்குவதில்லை.

ஆகவே விவிலியத்தின் நேர்ப்பொருளைப் பற்றிநின்றோர் டார்வினோடு மோதிய முனைகளிற் சைவருக்கு மோத வேண்டிய தேவை எழவில்லை. இவ்வேறுபாடு மனங்கொளத்தக்கது. ஆயின் மோதல் இல்லாமை உடன்பாடு ஆகிவிடாது. சித்தாந்தமும் கூர்ப்புக் கொள்கையும் முரணும் இடம் வேறொன்றாக இருத்தல் கூடும். இணக்கவாதிகள் அவ்விடத்தை நோக்கத் தவறினர் என்பதே எமது துணிபு.

2. இணக்கவாதத்தின் தோற்றம்

1897 சனவரி 15இல் விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கினார். அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த அவரது 'இராஜயோகம்' கூர்ப்புக் கொள்கைக்கு இந்திய விளக்கம் ஒன்றைத் தந்திருந்தது. வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவன் நீரை உண்டாக்குவதில்லை. வரம்பை வெட்டித் தடையை நீக்குகின்றான், நீர் தானே பாய்கின்றது. பதஞ்சலி யோகசூத்திர மரபில் வரும் இவ்வுவமையைக் கொண்டு, உயிரினுள் முன்பே அடங்கியுள்ள பூரணத்துவம் தடை நீங்கி வெளிப்படுதலே கூர்ப்பு என அவர் விளக்கினார். போராட்டமும் போட்டியும் அதன் காரணங்களல்ல என்றார். அதே 1897இல் நல்லசுவாமிப்பிள்ளையின் 'சித்தாந்த தீபிகை' தோன்றி, ஆங்கிலங் கற்றோரிடையே சித்தாந்தத்தைப் பரப்பலாயிற்று.

இவற்றின் வரலாற்றுப் பின்னணி தெளிவானது. மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்று, அரசாங்க உத்தியோகத்திலும் கல்வித்துறையிலும் இடம்பெற்ற ஒரு மத்தியதர வர்க்கம் இக்காலத்தில் எழுந்தது. குடியேற்றவாதியின் அறிவு அதற்கு வேண்டியிருந்தது. அவ்வறிவின் முன் தலைகுனியாதிருத்தலும் வேண்டியிருந்தது. ஐரோப்பியன் நேற்றுக் கண்டதை நாம் என்றோ கண்டோம் என்ற கூற்று இரு தேவைகளையும் ஒருங்கே நிறைவுசெய்தது. குடியேற்ற ஆட்சியின்கீழ் அதற்கு ஒரு முற்போக்கான பங்கு இருந்ததை மறுத்தல் நேர்மையாகாது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) விஞ்ஞானப் பட்டதாரியாகவும் ஆசிரியராகவும் இருந்து துறவியானவர். விவேகானந்தரைத் தமிழிலே பெயர்த்தவர். மட்டக்களப்பில் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை வளர்த்தவர். 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். விஞ்ஞானத்தைச் சமயத்தின் பகையாகக் கருதாத அச்சூழல், கிழக்கிலங்கைச் சிறார் பலருக்கு விஞ்ஞானக் கல்வியின் வாயிலைத் திறந்துவிட்டது.

இதற்கு எதிரான போக்கும் தமிழிலே வலுவாக எழுந்தது. சிங்காரவேலர் 1930களில் 'குடி அரசு' இதழிலும், 1935இல் தாம் தொடங்கிய 'புதுவுலகம்' இதழிலும் விஞ்ஞானக் கருத்துகளை மக்கட்குரிய தமிழில் எழுதினார். படைப்புக் கதைகளை அவர் மறுத்தமை மதத்தை மட்டுமன்றி, மதத்தாற் காக்கப்பட்ட சாதியையும் நோக்கியதாகும். இணக்கவாதிகள் பேசாது விட்ட விடயம் இதுவே என்பதை மேலே காண்போம்.

கலைச்சொற்களும் இவ்விவாதத்திலே நடுநிலை வகிக்கவில்லை. தமிழகத்திற் பெருவழக்குப் பெற்ற 'பரிணாமம்' சாங்கியத்திலும் சித்தாந்தத்திலும் முன்பே வழங்கிய சொல். காரணம் காரியமாகத் திரிதலைக் குறிப்பது. அச்சொல்லைக் கேட்ட அளவிலே டார்வினின் கொள்கை பழைய தத்துவமொன்றின் மறுபிறவியாகத் தோன்றிவிடுகிறது. இலங்கைப் பாடநூல்கள் ஏற்ற 'கூர்ப்பு' தனித்தமிழ்ச் சொல். ஆயின் தொல்காப்பிய உரியியல் அதற்குக் கூறும் பொருளோ உள்ளது மேலும் சிறத்தல் என்பதாகும். ஒரு சொல் முன்னோரின் உடைமையையும் மற்றொரு சொல் மேன்மையுறுதலையும் உள்ளே கொணர்ந்துவிட்டன. டார்வினின் கொள்கைக்கு இரண்டும் வேண்டியனவல்ல.

3. ஏணியும் மரமும்

முன்னோர் கூற்றுக்குச் சான்றாகக் காட்டப்படுவன பெரும்பாலும் மூன்று. ஒன்று, மச்சம் முதலாக மனிதன் ஈறாக வரும் திருமாலின் பத்து அவதாரங்கள். பிளாவட்ஸ்கி அம்மையார் 1877இலேயே இதனைக் கூர்ப்பின் குறியீடாக விளக்கினார். சிவன் பிறவி எடுப்பதில்லை எனக் கொள்ளும் சைவர்க்கு இச்சான்று பயன்படவில்லை. அவர்கள் ஏனைய இரண்டையும் நாடினர்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாக வகுக்கும். புல்லும் மரமும் ஓரறிவின; நத்தை முதலியன ஈரறிவின; சிதலும் எறும்பும் மூவறிவின; நண்டும் தும்பியும் நாலறிவின; விலங்குகள் ஐயறிவின; மக்கள் ஆறறிவினர். புலன்களின் எண்ணிக்கையால் உயிரை வகுக்கும் முறை சமண மரபிலும் உண்டு. கூர்ந்த அவதானிப்பின் பேறாகிய இப்பகுப்பு பெருமைக்குரியதே. ஆயின் இது வகைப்பாடு. ஓர் இனம் மற்றோர் இனத்திலிருந்து தோன்றிற்று என அது கூறவில்லை. இதே மரபியல் அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என மக்களையும் வகுத்து ஒவ்வொருவர்க்கும் உரியனவற்றை விதிக்கின்றது. இப்பகுதி இடைச்செருகல் எனக் கருதுவோர் உளர். அவ்வாறாயினும், உயிர்களை அடுக்கும் ஏடு மக்களையும் அடுக்குதற்கு ஏற்ற இடமாகச் செருகியோர்க்குத் தோன்றிற்று என்பது எண்ணத்தக்கது.

திருவாசகத்தின் சிவபுராணம் உயிர் எடுத்துக் களைத்த பிறவிகளை அடுக்கிக் கூறும். புல்லில் தொடங்கும் அவ்வடுக்கிற் பறவைக்குப் பின் பாம்பும், பாம்புக்குப் பின் கல்லும், அதன்பின் மனிதரும், மனிதர்க்குப் பின் பேய், அசுரர், முனிவர், தேவர் முதலியோரும் வருகின்றனர். விடுதலை வேண்டிய ஓர் அடியாரின் உள்ளம் உருகிய பாட்டினை உயிரியற் பாடமாக்குவது பாட்டுக்கும் நீதியன்று, உயிரியலுக்கும் நீதியன்று.

அடிப்படை வேறுபாடு இங்கேதான் உள்ளது. சித்தாந்தத்திற் பயணஞ் செய்வது உயிர். எண்பத்துநான்கு நூறாயிரம் பிறப்பு வகைகளும் வினைக்கேற்ப உயிர் புகுந்து வெளியேறும் இல்லங்கள் போல்வன. சிலந்தி மறுபிறப்பிற் சோழ மன்னனாயிற்று எனச் சிவஞானசித்தியார் எடுத்துக்காட்டும்போது, சிலந்தி இனம் மனித இனமாக மாறிற்று என அது கருதவில்லை. டார்வினின் கொள்கையிலோ எந்தத் தனியுயிரும் மேலேறுவதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டத்திற் சில வேறுபாடுகள் நிலைபெறுகின்றன, சில மறைகின்றன, கூட்டம் மாறுகிறது, கிளைக்கிறது. 1859இன் நூலில் இருந்த ஒரேயொரு வரைபடம் கிளைவிடும் மரமொன்றின் வடிவினது. மரத்தின் நுனிகளுள் மேலது கீழது என்பதில்லை. இன்று வாழும் எறும்பும் மனிதனும் ஒரே அளவு நெடிய மரபுடையோர். முன்னையது வினையால் ஒழுங்குபடுத்தப்பட்ட ஏணி. பின்னையது இலக்கின்றிக் கிளைத்த மரம்.

ஏணி மனிதப் பிறப்போடு நின்றுவிடவில்லை. மனிதருள்ளும் நான்மறை பயிலாத நாட்டிற் பிறவாமையும் கீழ்நிலையினின்று நீங்கித் தவத்துக்குரிய சாதியிற் பிறத்தலும் பெரும் புண்ணியத்தின் பயன் எனச் சிவஞானசித்தியார் கருதும். இதனை அருணந்தியின் தனிப்பட்ட குறையாக நாம் காணவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நிலவுடைமைச் சமூகம் தன் அடுக்குகளைப் பிரபஞ்சத்தின் அடுக்குகளாகக் கண்டது. ஆனால் பிறப்பின் உயர்வு தாழ்வை முன்னை வினையின் பயன் எனக் கொள்ளும் கருத்து, மனிதர் யாவரையும் ஒரே பொதுமரபின் கிளைகளாகக் காணும் கொள்கையோடு இணங்குவதெங்ஙனம்? முரணும் இடம் இதுவே.

4. விஞ்ஞானத்தின் பெயரால் ஓர் ஏணி

டார்வினின் மரத்தை ஐரோப்பியரும் ஏணியாக்கினர். ஜேர்மனியில் டார்வினியத்தைப் பரப்பிய ஹெக்கல் 1868இல் வெளியிட்ட நூலுக்கு 'இயற்கைவழிப் படைப்பின் வரலாறு' எனப் பொருள்படும் பெயரிட்டார். அதில் மனிதக் கூட்டங்களை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்தினார். 1881–82இல் அவர் இலங்கைக்கு வந்து வெலிகமையில் தங்கிக் கடலுயிர்களை ஆராய்ந்தார். அவருக்குப் பின் 1883 முதல் இங்கு ஆய்வு செய்த சுவிற்சர்லாந்து அறிஞர்களான போல் சரசின், பிரிட்ஸ் சரசின் ஆகியோர், மண்டையோட்டு அளவைகளைக் கொண்டு வேடரை மனித குலத்தின் மிகத் தொன்மையான படிகளுள் ஒன்றாக, வாலில்லாக் குரங்குக்கு அண்மித்தவராகக் காட்ட முயன்றனர். 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூல் வேடரின் உறவுமுறையையும் இறந்தோர் வழிபாட்டையும் விரிவாகப் பதிவுசெய்து, தமிழ் பேசும் கிழக்குக் கரையோர வேடரையும் கருத்திற்கொண்டது. ஆயினும் 'அழிந்துவரும் ஆதிமக்கள்' என்ற படிமம் மறையவில்லை.

இப்படிமத்துக்கு நடைமுறைப் பயன் இருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. சுதந்திரத்தின் பின் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர்த்தேக்கம் வேடர் வாழ்ந்த காட்டுநிலத்தை மூழ்கடித்தது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காப் பிரகடனம் தம்பானைப் பகுதி வேடரின் வேட்டை நிலத்தை அவர்க்கு விலக்கிற்று. ஏணியின் அடிப்படியில் நிற்போர் மேலேறவோ மறையவோ வேண்டியவர் என்று கருதப்படும்போது, அவரது நிலத்தை எடுத்தல் வளர்ச்சி எனப் பெயர் பெறுகின்றது.

இன்றைய விஞ்ஞானம் இந்த ஏணியை முற்றாகக் கைவிட்டுவிட்டது. மண்டையோட்டு அளவையால் மக்களைத் தரப்படுத்தும் முறை நிராகரிக்கப்பட்டது. இலங்கையின் பாகியன்கல குகையிற் கிடைத்த எலும்புக் கருவிகள் ஏறக்குறைய 48,000 ஆண்டுகளுக்கு முன் இங்கு வில்லும் அம்பும் வழங்கியதைக் காட்டுகின்றன என 2020இல் ஆய்வாளர் வெளியிட்டனர். மழைக்காட்டில் வாழ்வதற்கு வேண்டிய நுட்பத்தை ஆக்கிக்கொண்ட மக்களைத் தேக்கமுற்றவர் எனல் பொருந்தாது.

5. மண்டூர் தரும் சான்று

இனி மண்டூருக்கு மீள்வோம். அக்கோயிலில் ஆகமவழிப் பூசை நிகழ்வதில்லை. கப்புகனார் வாய்கட்டிப் பூசை செய்கின்றார். முருகன் மணந்த வள்ளி வேடர் குலத்தில் வளர்ந்தவள். மட்டக்களப்பின் ஊர்கள் சிலவற்றில் நிகழும் குமாரதெய்வச் சடங்கும் வேடர் மரபோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. ஊனும் வாய்நீரும் கொண்டு வழிபட்ட கண்ணப்பரைப் பெரியபுராணம் போற்றுவதையும் இதனோடு சேர்த்து நோக்கலாம். நான்மறை பயிலாதவரே தெய்வத்தை முதலிற் கண்டனர் என்னும் நினைவு சைவத்தினுள்ளேயே வாழ்ந்து வந்திருக்கின்றது. அது சித்தியாரின் ஏணியை உள்ளிருந்தே மறுக்கும் குரலாகும்.

எனினும் இதனைச் சமத்துவத்தின் சான்றாக மிகைப்படுத்தல் ஆகாது. தேசத்துக் கோயில்களின் முறைமைகள் குடியும் சாதியும் சார்ந்த உரிமைகளால் ஆனவை. மார்க் விட்டேக்கர் மண்டூர்க் கோயிலை மையமாகக் கொண்டு 1999இல் வெளியிட்ட நூல், அக்கோயிலின் கடந்தகாலம் முரண்பட்ட பலவாறாக எடுத்துரைக்கப்படுவதை ஆராய்கின்றது. ஐதிகம் வேடரை முதலில் நிறுத்தியது. காலப்போக்கில் உரிமையைப் பிறரே நிருவகித்தனர். தொடக்கத்திற் போற்றப்பட்டோர் நடுவிலே காணாமற் போவது நிலவுடைமை வரலாற்றின் பொது விதி.

இவ்விடத்தில் எம்மவரையும் விலக்கிவைத்தல் நேர்மையாகாது. டார்வினின் நூல் தமது கொள்கைக்கு இயற்கை வரலாற்றின் அடிப்படையைத் தருகிறது என 1860இல் எழுதிய மார்க்ஸ், விலங்குகளிடையே டார்வின் தம் காலத்து ஆங்கிலச் சந்தைச் சமூகத்தையே காண்கிறார் என 1862இல் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையை மார்க்சியவாதிகள் தமக்குப் பொருத்திப் பார்க்கத் தவறினர். புராதன பொதுவுடைமை முதலான ஐந்து படிகளை எல்லாச் சமூகங்களும் ஏறியாக வேண்டிய ஏணியாக்கினர். வேடரை அதன் முதற்படியில் நாமும் நிறுத்தினோம். 1948இற் சோவியத் அரசு லைசென்கோவின் போலிக் கொள்கையை ஏற்று மரபியலை ஒடுக்கியது, வேதநூல் இல்லாதவரும் வேதவாக்குக்கு அடிமையாகலாம் என்பதற்குச் சான்று.

முடிவாக, கூர்ப்பும் படைப்பு நம்பிக்கையும் இணங்குமா? இணங்கலாம் என்பதே எமது விடை. நிமித்த காரணனாக இறைவனை ஏற்கும் சைவர், இயற்கை நியதிகளைத் துணைக்காரணமாகக் கொண்டு பொதுமரபுக் கொள்கையை ஏற்பதிலே தருக்க முரண் இல்லை. இறைவனின் நோக்கம் என்பது அவரது நம்பிக்கைக்குரியது; விஞ்ஞானம் அதனை நிறுவாது, அதற்கு அது வேண்டியதுமில்லை. ஆனால் அவ்விணக்கத்துக்கு விலை உண்டு. முன்னோர் அன்றே கூறினர் என்னும் பெருமிதத்தைக் கைவிடவேண்டும். பிறப்பை உயர்வு தாழ்வின் அளவுகோலாக்கும் ஏணியையும் கைவிடவேண்டும். நாத்திகரும் தம் ஏணியைக் கைவிட வேண்டியவரே.

இவ்விலையைச் செலுத்தாது காணப்பட்ட இணக்கமே எமக்குப் பெரிதும் கிடைத்துள்ளது. அதிலே கடவுள் இழந்தது ஒன்றுமில்லை, விஞ்ஞானம் இழந்ததும் ஒன்றுமில்லை. வேடரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் இருந்த படியிலேயே இருந்தனர். வேலினை முதலிற் கண்டோரைப் போற்றும் மண்டூர் மரபு, அவர் வழிவந்தோர்க்கு நிலமும் மதிப்பும் உரியன என்னும் கோரிக்கையாக மாறாதவரை, சமயமும் விஞ்ஞானமும் கண்ட இணக்கம் மேற்படியில் நின்றோர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடாகவே எஞ்சும்.